கட்டடத்தை அல்ல, ஓ.பி.யைப் பாருங்கள்

மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவம் சொல்லிக்கொடுப்பவன் நான். விண்ணப்பக் காலம் வந்தால், எந்த மருத்துவக் கல்லூரிக்குப் போடலாம் என்று கேட்டு தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று போன் நிற்காது. போன முறை ஒரு மாணவி பன்னிரண்டு கல்லூரிகளை எக்செல்லில் போட்டு எடுத்து வந்தாள். தரவரிசை, கட்டணம், ஹாஸ்டல், வைஃபை, எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம். "சரிம்மா, இதில் எந்த ஆஸ்பத்திரியில் நோயாளி கூட்டம் அதிகம்?" என்றேன். அதற்குக் கட்டமே போடவில்லை.

மருத்துவத்தை நோயாளிதான் சொல்லிக்கொடுக்கிறார். எங்களைப் போன்றவர்கள் பக்கத்தில் நின்று திருத்துகிறோம், அவ்வளவுதான். முடிந்தால் ஒரு நாள் காலையில் அந்தக் கல்லூரி ஆஸ்பத்திரியின் ஓ.பி.யில், அதாவது புறநோயாளிகள் பிரிவில், போய் உட்காருங்கள். மாணவர்கள் நோயாளியிடம் தாங்களே பேசுகிறார்களா, சுவரோரம் கும்பலாக நின்று போனைப் பார்க்கிறார்களா? கடைசி வருட மாணவர் ஒருவரைப் பிடித்து, எத்தனை பிரசவத்தில் கூட இருந்தாய், தையல் போட்டிருக்கிறாயா, உடற்கூறு வகுப்பில் ஒரு உடலைச் சுற்றி எத்தனை பேர் நின்றீர்கள் என்று கேளுங்கள். பத்துப் பேர் என்றால் எல்லோர் கையிலும் கத்தி வந்திருக்கும். நாற்பது பேர் என்றால் பின்வரிசை முதுகைத்தான் பார்த்திருக்கும்.

இதற்கு டாக்டராக இருக்க வேண்டியதில்லை. ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் பள்ளிக்கூடம் நடத்தியவர். அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவக் கல்லூரிகளை நேரில் பார்த்து 1910-இல் அறிக்கை எழுதினார். கல்லூரியின் விளம்பரக் கையேட்டில் பெரிதாகப் போட்டிருந்த ஆய்வகம் சில இடங்களில் பெயருக்குக்கூட இல்லை. அடுத்த ஆண்டுகளில் பல கல்லூரிகள் மூடப்பட்டன. கையேடு இன்றைக்கு வெப்சைட் ஆகியிருக்கிறது, வேறென்ன!

வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும். வகுப்பு ஆங்கிலத்தில் இருக்கும். நோயாளி ஆங்கிலத்தில் வயிற்றுவலியைச் சொல்வாரா? அப்படிப் படித்துவிட்டு வந்த ஒரு பையனிடம் நோயாளியை விசாரித்து எழுதச் சொன்னேன். இரண்டே கேள்வி கேட்டுவிட்டு ஸ்கேனுக்கு எழுதிவிட்டான். வலி எப்போது ஆரம்பித்தது என்பதுகூடத் தாளில் இல்லை. கெட்டிக்காரப் பையன்தான். வார்டில் நோயாளி பேசுவது ஒரு வார்த்தை புரியாமலே வருடங்களை ஓட்டியிருக்கிறான்.

அப்புறம் லைசென்ஸ். எங்கே படிப்பது என்பதற்கு முன்னால், எங்கே வைத்தியம் பார்க்கப் போகிறோம் என்று முடிவு செய்யுங்கள். அந்த நாட்டு மருத்துவ கவுன்சிலின் விதியை நீங்களே படியுங்கள். ஏஜென்ட் வாயால் கேட்காதீர்கள். உதாரணத்துக்கு, இந்தியாவில் 2021 நவம்பரில் வந்த விதிப்படி, வெளிநாட்டுப் படிப்பு குறைந்தது 54 மாதம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி வேண்டும். படித்த நாட்டிலேயே தொழில் செய்யத் தகுதி தரும் பட்டமாகவும் இருக்க வேண்டும். ஏஜென்ட்கள் காட்டுகிற உலக மருத்துவக் கல்லூரிகள் பட்டியல் இருக்கிறதே, அதில் பெயர் இருப்பது அங்கீகாரம் ஆகாது. பட்டியலை நடத்துகிறவர்களே அதைச் சொல்கிறார்கள்.

எத்தனை கல்லூரிக்கு விண்ணப்பம் போடுவது? அது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் பல்கலைக்கழக விண்ணப்பங்களை வாங்கும் பொது அமைப்பான யூகாஸ் மூலம் மருத்துவத்துக்கு நான்கு கல்லூரிகளுக்குத்தான் போட முடியும், கடைசி நாளும் அக்டோபர் மாதமே வந்துவிடும். நுழைவுத் தேர்வு மார்க்கை ஒவ்வொரு கல்லூரியும் ஒவ்வொரு விதமாகப் பார்க்கும் என்பதால், உங்கள் மார்க்குக்கு மதிப்புத் தரும் இடங்களில் அந்த நான்கையும் செலவழியுங்கள். அமெரிக்காவில் எத்தனை வேண்டுமானாலும் போடலாம், ஒவ்வொன்றுக்கும் பணம் கட்ட வேண்டும். மாநில அரசுக் கல்லூரிகள் பல தங்கள் மாநிலத்தவருக்கே முதலிடம் தரும். அது தெரியாமல் இருபது இடத்துக்குப் பணம் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எக்செல் பெண் இரண்டு வாரம் கழித்துப் போன் செய்தாள். நான்கு ஆஸ்பத்திரிகளுக்குப் போய் வந்தாளாம். தரவரிசையில் மூன்றாவதாக இருந்த இடத்தில் காலை பத்து மணிக்கு ஓ.பி. நாற்காலிகள் காலி. "அந்த வரியை டெலீட் பண்ணிட்டேன் சார்" என்றாள்.