பிக்கப் மாற்றும் முன் கம்பியைப் பாருங்கள்: ஷார்ட் ஸ்கேல் பேஸ் வாசிப்பவர்களுக்கு

ஷார்ட் ஸ்கேல் பேஸ் கிட்டாரை எடுத்துக்கொண்டு என்னிடம் பழுதுபார்க்க வருகிறவர்களில் பெரும்பாலானோர் சொல்லும் குறை ஒன்றுதான். “ஈ கம்பி லொடலொடன்னு இருக்கு சார், சவுண்டும் மந்தமா வருது. நல்ல பிக்கப்பா ஒண்ணு போட்டுக் குடுங்க.” பிக்கப் என்பது கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் காந்தச் சுருள். எந்த பிக்கப் என்பதையும் முடிவுசெய்துவிட்டே வருவார்கள். சிலர் கையோடு வாங்கியும் வந்திருப்பார்கள், கிட்டார் விலையில் பாதி அதற்கே போயிருக்கும். மாட்டிக் கொடுத்தால் எனக்குக் கூலி கிடைக்கும். ஆனால் லொடலொடப்பு அப்படியே இருக்கும். அது பிக்கப்பால் வந்த குறை இல்லை என்பதை வாங்குவதற்கு முன்பே அவர்களுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

ஸ்கேல் என்பது நெக் எனும் கழுத்தின் நுனியில் கம்பி தங்கும் நட்டுக்கும், உடலில் அது தங்கும் பிரிட்ஜ் சாடிலுக்கும் இடையே அதிர்கிற கம்பியின் நீளம். 1951-இல் வந்த ஃபெண்டர் பிரசிஷன் பேஸ் 34 அங்குலத்தைப் பொது வழக்கமாக்கியது. ஷார்ட் ஸ்கேல் என்றால் சுமார் 30 அங்குலம். ஒரே தடிமன் கம்பியை ஒரே சுருதிக்குக் கூட்டும்போது, அதன் இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறி இறங்கும். 30-ஐ 34-ஆல் வகுத்து வர்க்கம் எடுங்கள்: 0.78. அதாவது நீளம் நான்கு அங்குலம் குறைந்ததும் இழுவிசையில் ஏறக்குறைய 22 சதவீதம் போய்விடுகிறது. ஈ கம்பியை டி-க்கு இறக்கி வாசித்தால், நீள பேஸின் ஈ கம்பியில் இருக்கும் இழுவிசையில் 62 சதவீதம்தான் மிஞ்சும். 28.6 அங்குல ஐபனெஸ் மைக்ரோ பேஸில் சாதாரண ஈ சுருதியிலேயே 71 சதவீதம்தான். விரலுக்குத் தட்டுப்படும் தொய்வுக்குக் காரணம் இந்தக் கணக்கு.

இதை வைத்து ஷார்ட் ஸ்கேல் என்றால் பிள்ளைகள் பழகும் கருவி, பிறகு “நிஜ” பேஸுக்கு மாறிவிட வேண்டும் என்று நினைக்க வேண்டாம். ஹோஃப்னர் 500/1 வெளிவந்தது 1956-இல். பால் மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்க்கில் ஒன்றை வாங்கி, அதை வைத்துத்தான் பீட்டில்ஸின் தொடக்கக் காலப் பதிவுகளை வாசித்தார். க்ரீம் குழுவின் ஜாக் ப்ரூஸ் கையில் இருந்தது கிப்சன் ஈபி-3. ஃபெண்டரின் ஷார்ட் ஸ்கேலான மஸ்டாங் பேஸ் 1966-இல் வந்தது. டாக்கிங் ஹெட்ஸின் டீனா வேமவுத் அதை வாசித்தார். ஸ்டான்லி கிளார்க்கின் விரல் வேகத்தைப் பார்த்தவர்களுக்கு அவருடைய அலெம்பிக் பேஸும் ஷார்ட் ஸ்கேல்தான் என்பது வியப்பாக இருக்கும். குறைந்த இழுவிசையில் அடிநாதம் உருண்டையாக எழும்பும். கம்பியை விரலால் வளைப்பதும் எளிது. இளையராஜா பாடல்களின் பேஸைக் காதால் கேட்டுப் பிடித்துப் பழகும் நம் பிள்ளைகளுக்கு, நட்டை ஒட்டிய கீழ் ஃப்ரெட்களில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்) விரல் எட்டுவதே பாதி வெற்றி. அதற்கு இந்தக் கருவி மிகவும் உதவும்.

முதலில் கம்பியைப் பார்ப்போம். நான் அதிகம் பார்க்கும் கோளாறு, 34 அங்குல பேஸுக்கான செட்டை வெட்டி 30 அங்குல பேஸில் மாட்டியிருப்பது. பேஸ் கம்பியின் நடுவில் ஒரு எஃகு இழை இருக்கும், அதன் மேல் நிக்கல் அல்லது ஸ்டீல் சுற்று இருக்கும். சுருதி கூட்டத் திருகும் ட்யூனரின் தண்டில் சுற்ற வேண்டிய நுனிப் பகுதியை மட்டும் மெலிதாக்கியிருப்பார்கள். நீளமான செட்டைப் போடும்போது அந்த மெலிந்த பகுதி தண்டைத் தாண்டிப் போய்விடுகிறது. முழுத் தடிமன் கம்பியைத் தண்டில் திணித்துச் சுற்ற வேண்டியதாகிறது. அண்மையில் வந்த ஒரு பேஸில் ஈ கம்பியின் வெட்டு முனையை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மேல் சுற்று பிரிந்து, உள் இழையை விட்டு விலகி, நட் வரை நெகிழ்ந்திருந்தது. நடு இழை உருண்டையாக உள்ள கம்பிகளை மடக்குவதற்கு முன்பே வெட்டினால் இப்படித்தான் ஆகும். சுற்று நெகிழ்ந்த கம்பி நாதத்தைப் பிடித்து வைக்காது, தட்டினால் மரத்தைத் தட்டியது போல டப்பென்று அடங்கிவிடும். அந்தப் பேஸைக் கொண்டுவந்தவர் பிக்கப் செத்துவிட்டது என்றே நம்பியிருந்தார். 30 அங்குலத்துக்கான செட் ஒன்றை மாட்டி ஆம்பில் செருகிக் கொடுத்ததும், பிக்கப்பைப் பற்றிய பேச்சு அதோடு நின்றது.

உறையில் “ஷார்ட் ஸ்கேல்” என்று போட்டிருந்தாலும் ஒருமுறை அளந்துவிடுங்கள். கம்பியின் உருண்டை முனை பிரிட்ஜில் எங்கே உட்காருகிறதோ அங்கிருந்து நட் வரை டேப் பிடியுங்கள். முழுத் தடிமன் பகுதி நட்டைச் சற்றே தாண்ட வேண்டும், ஆனால் தண்டை எட்டக் கூடாது. உடலின் பின்பக்கத்திலிருந்து கம்பி நுழையும் மாடலாக இருந்தால் அந்தக் கூடுதல் நீளத்தையும் கணக்கில் சேருங்கள். வெட்டுவதாக இருந்தால், வெட்டும் இடத்துக்கு முன்னால் கம்பியைச் செங்குத்தாக மடக்கி, அந்த மடிப்பைத் தாண்டி வெட்டுங்கள். தட்டையான சுற்றுள்ள ஃப்ளாட்வவுண்ட் கம்பியின் முழுத் தடிமன் பகுதியைத் தண்டில் சுற்றவே கூடாது.

தடிமனைப் பொறுத்தவரை, போன இழுவிசையை முழுவதும் திரும்பப் பிடிக்கப் பார்க்காதீர்கள். 34 அங்குலத்தில் 0.105 அங்குல ஈ கம்பி தரும் இறுக்கம் 30 அங்குலத்தில் வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 0.119 போட வேண்டும். அவ்வளவு தடித்த கம்பி குறுகிய நீளத்தில் கம்பி போல அதிராது, கோல் போல விறைத்து நிற்கும். மேல் ஸ்வரங்கள் சுருதி விலகும், நட் பள்ளத்திலும் அது உட்காராது. 0.105 போதும். கொஞ்சம் அழுத்தமாக வாசிப்பவர்களுக்கு 0.110 வரை போகலாம். என் விருப்பத்தைக் கேட்டால் ஃப்ளாட்வவுண்டைத்தான் சொல்வேன், தொட்டதும் கை இறுக்கத்தை உணரும்.

கம்பிக்குப் பிறகு வலது கை. இழுவிசை குறைந்த கம்பி அதே அடிக்கு அகலமாக ஆடும், ஆடும்போது ஃப்ரெட்டில் உரசிக் கறகறக்கும். உடனே சாடிலை ஏற்றுகிறார்கள். கம்பி உயர்ந்ததும் இடது கை அதிகமாக அழுத்த வேண்டியிருக்கிறது. தொய்வான கம்பியை அழுத்தினால் சுருதி மேலே போகும், அப்புறம் “இன்டோனேஷன் சரியில்லை”, அதாவது ஃப்ரெட்டை அழுத்தினால் சுருதி நிற்கவில்லை, என்று வருவார்கள். இந்தச் சுழலை உடைக்க ஸ்க்ரூடிரைவரே வேண்டாம். ஆம்பின் ஒலியைக் கூட்டி வைத்துவிட்டு விரலை மென்மையாக்குங்கள். நெக் பக்கம் இழுக்கும் விரலைப் பிரிட்ஜ் பக்கம் இரண்டு அங்குலம் நகர்த்துங்கள், அங்கே கம்பி விறைப்பாக இருக்கும், ஸ்வரத்தின் முனையும் தெளிவாகக் கேட்கும். நீள பேஸிலிருந்து மாறியவர்களுக்கு இது ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும்.

இடது கைக்கு இந்தக் கருவி தரும் சலுகையை மில்லிமீட்டரில் சொல்லலாம். முதல் ஃப்ரெட்டிலிருந்து நான்காம் ஃப்ரெட் வரை நீள பேஸில் 130 மி.மீ., ஷார்ட் ஸ்கேலில் 114. விரலுக்கு ஒரு ஃப்ரெட் என்று வைப்பது சிறிய கைக்கும் முடிகிறது. அப்போதும் எட்டவில்லை என்றால் டபுள் பேஸ்காரர்களின் வழியில் ஆள்காட்டி விரல், நடுவிரல், சுண்டுவிரல் மூன்றை மட்டும் வைத்து, கையை நகர்த்தி வாசியுங்கள். மணிக்கட்டு மடங்கியே இருக்கக் கூடாது. விரல் மரத்துப் போனால் பயிற்சியை நிறுத்துங்கள். மறுநாளும் மரத்தல் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். கிப்சன் எஸ்ஜி கிட்டார் வடிவ உடலுள்ள பேஸ்களில் தலைப்பக்கம் கீழே சாயும், அதைத் தாங்குவதற்கே இடது தோளும் கையும் களைத்துப்போகும். உள்பக்கம் சொரசொரப்பாக உள்ள அகலத் தோல் ஸ்ட்ராப், எடை குறைந்த ட்யூனர்கள் இரண்டும் நல்ல செலவு. ட்யூனர் வாங்கும் முன் தலையிலுள்ள துளையின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள்.

செட்டப்பில் வரிசை முக்கியம். புதுக் கம்பி, சுருதி, நெக் வளைவு, கம்பி உயரம், இன்டோனேஷன், கடைசியில் பிக்கப் உயரம். முதல் ஃப்ரெட்டையும் நெக் உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டையும் அழுத்திக்கொண்டு ஏழாம், எட்டாம் ஃப்ரெட்டில் இடைவெளியைப் பாருங்கள். 0.25 முதல் 0.35 மி.மீ. இருந்தால் நெக்கைத் தொட வேண்டாம். இடைவெளி அதிகமென்றால் நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ராடை வலப்புறம் கால் சுற்று திருகி, மறுபடி சுருதி கூட்டி அளக்க வேண்டும். சாவி இறுகி நின்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், ராட் முறிந்தால் நெக்கோடு போயிற்று. அமெரிக்கத் தயாரிப்புகளுக்குப் பெரும்பாலும் அங்குல ஆலன் சாவி, ஆசியத் தயாரிப்புகளுக்கு மி.மீ. சாவி. சுமாராகப் பொருந்தும் சாவியைப் போட்டுத் திருகித்தான் பாதி ராட் நட்டுகளின் வாய் வழவழத்துப் போகிறது. சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் நெக் அசைவது இயல்பு. கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்கள் சாடில் திருகுகளில் ஆண்டுக்கு இருமுறை ஒரு சொட்டு எண்ணெய் விட்டால், உப்புக்காற்றில் அவை துருப்பிடித்து இறுகாது.

கம்பி உயரம் 17-ஆம் ஃப்ரெட்டில் ஈ பக்கம் 2.4 மி.மீ., ஜி பக்கம் 2 மி.மீ. என்று தொடங்குங்கள். இன்டோனேஷனில் 12-ஆம் ஃப்ரெட்டை அழுத்தி எழும் ஸ்வரம் அங்கே கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கை விட உயர்ந்திருந்தால் சாடிலைப் பின்னால் இழுக்க வேண்டும். ஷார்ட் ஸ்கேலில் ஈ சாடில் பின்னோடு முட்டி நிற்பதை அடிக்கடி பார்க்கிறேன். அதன் ஸ்பிரிங்கைக் கழற்றிப் பாதி வெட்டி மாட்டினாலே இரண்டு மூன்று மி.மீ. கிடைத்துவிடும். பிரிட்ஜையே நகர்த்த மரத்தில் புதுத் துளை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வேதனையை என்னால் சொல்லி முடியாது, ஐந்து ரூபாய் ஸ்பிரிங்கில் முடிய வேண்டிய வேலை அது. நான்கு கம்பிக்கு இரண்டே சாடில் உள்ள பிரிட்ஜ் என்றால் மட்டும், அதே திருகுத் துளைகளில் உட்காரும் நான்கு சாடில் பிரிட்ஜாகப் பார்த்து மாற்றுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒலி பிடிக்கவில்லை என்றால் பிக்கப்பைப் பற்றிப் பேசலாம். அதற்கும் முன்னால் உயரத்தைப் பாருங்கள். கடைசி ஃப்ரெட்டை அழுத்தியபடி ஈ கம்பிக்கும் காந்தத்துக்கும் நடுவே 2.8 மி.மீ., ஜி-க்கு 2 மி.மீ. சுமாரான அளவு. தொய்வான கம்பியைக் காந்தம் எளிதில் இழுக்கும், ரொம்ப நெருங்கினால் நாதம் நடுங்கும். ஸ்க்வையர் பிராங்கோ பேஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. மூடிக்குள்ளே இருப்பது ஆறு முனையுள்ள சாதாரண ஸ்ட்ராட் கிட்டார் பிக்கப். அந்த அளவில் வரும் ஹம்பக்கரை (இரைச்சலை அடக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்) மரத்தில் கை வைக்காமலே மாட்டலாம். கிப்சன் ஈபி-0 வகையில் பெரிய ஹம்பக்கர் நெக்கை ஒட்டி இருக்கும். அந்த இடத்தில் அடிநாதம்தான் மிகுந்து வரும், எந்தப் பிராண்டைப் போட்டாலும் ஓரளவு மந்தமாகவே ஒலிக்கும். தெளிவு வேண்டுமென்றால் பிரிட்ஜ் பக்கம் இரண்டாவது பிக்கப் வைப்பதுதான் வழி. அதற்கு மரத்தைக் குடைய வேண்டும். பழைய அசல் கருவி என்றால் நான் குடைந்து தர மாட்டேன்.

குமிழின் அடியில் உள்ள மின்தடையான பாட் மாற்றுவதானால் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்புக்கு 250 கே (கிலோ ஓம்), ஹம்பக்கருக்கு 500 கே. ரிச்சி தெருவில் வாங்கும்போது ‘ஏ’ எழுத்து அச்சிட்ட ஆடியோ வகையைக் கேளுங்கள், ‘பி’ லீனியர். டோனுக்கு 0.047 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர், விலை சில ரூபாய்தான். பல நூறு ரூபாய்க்கு விற்கும் “வின்டேஜ்” கெபாசிட்டருக்குப் பணம் கொட்ட வேண்டாம்.

ஆம்ப் இரைகிறது என்றும் நிறையப் பேர் வருகிறார்கள். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் கிட்டாரின் கிரவுண்ட் இணைப்பு வேலை செய்கிறது என்று பொருள். உள்குழியில் செம்பு டேப் ஒட்டி, மல்டிமீட்டரில் எல்லாத் துண்டும் தொடர்பில் இருக்கிறதா என்று சரிபார்த்தால் மீதி இரைச்சலும் பெரிதும் அடங்கும். ஆனால் ஆம்பின் மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னைப் பிடுங்கி இரைச்சலை நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கம்பி, பிரிட்ஜ், குமிழ் எல்லாம் ஆம்பின் சேஸியோடு, அதாவது அதன் உலோகச் சட்டத்தோடு, இணைந்தவை. எர்த் இல்லாத ஆம்பில் கோளாறு வந்தால் 230 வோல்ட் நேராக உங்கள் விரலுக்கு வரும். ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் லெஸ் ஹார்வி 1972-இல் ஸ்வான்சி நகர மேடையில் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு உயிரிழந்தார். யூரியா ஹீப்பின் பேஸ் வாசிப்பாளர் கேரி தெய்ன் 1974-இல் டல்லஸ் மேடையில் கடுமையாக மின்தாக்குண்டார்.

பழைய வீடுகளில் சாக்கெட்டின் மூன்றாவது துளைக்குள் வயரே இருக்காது. எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் போடச் சொல்லுங்கள். கோயில் திருவிழா, கல்யாண மேடைகளில் உங்கள் ஆம்புக்கு ஒரு லைன், சவுண்ட் சர்வீஸுக்கு ஜெனரேட்டர் லைன் என்று தனித்தனியாக வரும். பாடிக்கொண்டே வாசிப்பவரின் உதடு மைக்கில் பட்டதும் சுரீரென்பது அங்கேதான். வாசிக்கும் முன் கிட்டாரை ஆம்பில் செருகி, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைக் கம்பியிலும் மற்றதை மைக்கின் வலையிலும் வையுங்கள். ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டினால், சவுண்ட் சர்வீஸ்காரரைக் கூப்பிட்டு இரண்டையும் ஒரே எர்த் உள்ள லைனில் போடச் சொல்லுங்கள். அதை முடிக்கும் வரை கேபிளைக் கழற்றி வையுங்கள்.