அலைக்கு அடைப்பு, காற்றுக்குத் திறப்பு

ஏற்காடு ஏரிக்கரையில் நின்று நீரைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தால், அசையாமல் கிடக்கும் பரப்பில் திடீரென ஓரிடம் மட்டும் சிலிர்த்து, அச்சிலிர்ப்பு பத்துப் பதினைந்து அடி ஓடி, வந்த சுவடு தெரியாமல் அடங்குவதைக் காணலாம். மரங்களிலும் குன்றுகளிலும் மோதிச் சிதறிய காற்று துண்டு துண்டாக நீரில் இறங்கும் இடம் அது. பெரிய பட்டம் ஒன்று இழுக்க, பலகையில் நின்று நீர்மேல் சறுக்கும் கைட் சர்ஃபிங் விளையாட்டுக்கு அலையற்ற இந்த ஏரி ஏன் உதவாது என்பதற்கு அச்சிலிர்ப்பே விடை.

பட்டத்தின் இழுவிசை காற்று வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. மணிக்கு 20 கிலோமீட்டராக வீசும் காற்று சட்டென 30 ஆனால், இழுப்பு இரண்டேகால் மடங்காகிறது. மறுகணமே காற்று விழுந்தால், ஏறத்தாழ 20 மீட்டர் நீளக் கயிறுகள் தளர்ந்து பட்டம் நீரில் விழுகிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏழில் ஒரு பங்கு குறைவது சிறிய குறைதான். பெரிய பட்டத்தால் அதை ஈடுகட்டிவிடலாம். சிதறிய காற்றை எதனாலும் ஈடுகட்ட முடியாது.

தனுஷ்கோடி மணல்திட்டின் நிலை இதற்கு நேர்மாறானது. தென்மேற்குப் பருவக்காற்று மன்னார் வளைகுடாவின் மீது நெடுந்தொலைவு ஓடி அலைகளை வளர்த்துக்கொண்டு வருகிறது. அந்த அலைகள் திட்டின் தென்கரையில் உடைந்துபோக, காற்றோ தாழ்ந்த மணலை அதிகம் கலையாமல் கடந்து வடக்கே பாக் விரிகுடாவின் ஆழமற்ற நீரில் இறங்குகிறது. அலை வளர்வதற்குக் காற்று நீர்மேல் ஓடும் தொலைவு வேண்டும். கரையை ஒட்டிய பகுதியில் அத்தொலைவு இல்லாததால், காற்று வலுவாக இருந்தும் நீர் தட்டையாகவே கிடக்கிறது.

பட்டம் மட்டும் இருந்தால் அது ஆளைக் காற்றின் போக்கிலேயே அடித்துச் செல்லும். பலகையின் விளிம்பைச் சாய்த்து நீரில் அழுத்தும்போது நீர் பக்கவாட்டில் எதிர்த்து நிற்பதால், காற்றுக்குக் குறுக்கே, பழகியவர்களுக்குச் சற்று எதிராகவும்கூட, பலகை ஓடுகிறது. தட்டையான நீரில் இந்தப் பிடி நழுவுவதில்லை. ஆயினும் கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றில், பிடி தவறியவர் ஆழத்துக்கு இழுபட்டுப் போவார். ஆகவே மீட்புப் படகு இல்லாமல் அங்கே இறங்கவே கூடாது.

நீர் இடுப்பளவு இருப்பது கற்பவருக்கு மிகவும் உகந்தது: விழுந்தவர் தரையில் கால் ஊன்றி நின்றபடியே பட்டத்தை மீண்டும் எழுப்பலாம். முழங்காலுக்கும் கீழே போனால், பலகையின் அடித்துடுப்பு மணலில் குத்தி ஆளை முன்னே தூக்கி எறிந்துவிடும்.