மெலோடிராமா – சொல் விளக்கம்

மெலோடிராமா என்றால் ‘ஓவர் ஆக்டிங்’, அழுகைக் கதை என்றுதான் இன்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். பிறந்தபோது இந்தச் சொல்லில் அழுகை இல்லை, இசைதான் இருந்தது. கிரேக்கத்தில் ‘மெலோஸ்’ பாட்டு, ‘டிராமா’ செயல், கூத்து. 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சில் வசனத்துக்கு இடையே இசை வரும் நாடகத்துக்கு இப்பெயர் நின்றது. ரூசோவின் ‘பிக்மாலியன்’ (1770) அதன் முன்னோடி. 1800 வாக்கில் பாரிஸில் பிக்ஸெரெகூர் எழுதிய நாடகங்களில் கொடியவன், பழி சுமக்கும் அப்பாவி, கடைசி நேர மீட்பு எல்லாம் சேர்ந்தன. பொருள் மெல்ல இசையிலிருந்து உணர்ச்சிக்கு நகர்ந்தது.

மௌனப்படம் வந்ததும் இசை திரும்பிவிட்டது. திரையில் குரல் இல்லை, கொட்டகையில் பியானோ உண்டு. மௌனப்பட மெலோடிராமாவுக்கு 1914இல் வெளியான ‘தி ஸ்குவா மேன்’ நல்ல எடுத்துக்காட்டு. 1905ஆம் ஆண்டு மேடை நாடகம் ஒன்றே அதன் மூலம். உறவினன் கையாடிய பணத்துக்குப் பழியேற்ற ஆங்கிலேயப் பிரபு அமெரிக்காவின் வயோமிங் போய்ப் பூர்வகுடிப் பெண்ணை மணக்கிறான். கதை அவள் தற்கொலையில் முடிகிறது. தலைப்பிலுள்ள ‘ஸ்குவா’ பூர்வகுடிப் பெண்ணைக் குறிப்பது, இன்று வசைச்சொல்.

இதை இயக்கிய ஆஸ்கர் ஆப்ஃபெல், செசில் பி. டிமில் இருவரும் 1913 டிசம்பர் இறுதியில் ஹாலிவுட்டின் ஒரு களஞ்சியத்தைத் தளமாக்கிப் படப்பிடிப்பைத் தொடங்கினார்கள். அந்நாளில் உள்ளறைக் காட்சிகூடக் கூரையில்லா மேடையில்தான். மேலே வெள்ளைத் துணி கட்டி வெயிலைத் தணிப்பார்கள். காற்றடித்தால் ‘வரவேற்பறை’யில் மேசைவிரிப்பு படபடக்கும்! படத்தை ஓட்டிப் பார்த்தபோதோ காட்சி திரையில் நிற்காமல் ஏறி இறங்கியது. 35 மி.மீ. பிலிமின் ஓரத்தில் ஒரு சட்டத்துக்கு (ஃப்ரேம்) 4 துளை, அடிக்கு 16 சட்டம், ஆக அடிக்கு 64 துளை. நெகட்டிவில் இட்ட துளைகளின் இடைவெளி பிரிண்ட் பிலிமோடு பொருந்தவில்லை. பிலடெல்பியாவில் படத் தயாரிப்பாளர் சிக்மண்ட் லூபினின் கூடத்தில் சரிசெய்த பிறகே படம் வெளிவந்தது.

தமிழில் ‘மிகையுணர்ச்சி நாடகம்’ என்பது வழக்கம். பொருள் சரி, ஆனால் ‘மிகை’ குறைசொல்லும் தொனியோடு ஒட்டிக்கொள்கிறது. மேலும் இசை விழுந்துவிடுகிறது. ‘இசை நாடகம்’ என்றால் சங்கரதாஸ் சுவாமிகள் மரபு நினைவுக்கு வரும், அதுவும் ஆகாது. வகைப் பெயராக ‘உணர்ச்சி நாடகம்’ போதும். நடிப்பு அளவு மீறியதைக் கண்டிக்கும்போது மட்டும் ‘மிகை’ சேர்க்கலாம். குரலின்றி உடலால் உணர்ச்சி காட்டும் அந்த மௌனப்பட நடிப்புக்கோ ‘மெய்ப்பாடு’ என்ற தொல்காப்பியச் சொல்லே கைவசம் இருக்கிறது.