ஜூவ் ஜாடியின் கறுப்பு

பிரெஞ்சுக் குயவர் ஜார்ஜ் ஜூவ் செய்த கறுப்பு ஜாடியின் படத்தை முதல்முறை பார்க்கிறவர்களில் பாதிப் பேர் அதை இரும்பு என்றே நினைப்பார்கள். தோசைக்கல்லில் எண்ணெய் ஊறி ஊறி ஒரு கறுப்பு வருமே, ஒரு பக்கம் வெளிச்சம் பட்டால் ஈயம் போல மின்னும், திருப்பினால் அடங்கிவிடும், அதே கறுப்பு. ஆனால் அது மண். மேலே பெயின்ட்டும் கிடையாது. மிக மெல்லிய ஒரு கண்ணாடித் தோல், அவ்வளவுதான்.

ஜூவ் 1910இல் பாரிஸை ஒட்டிய ஊரில் பிறந்தவர். எக்கோல் பூல் என்ற கலைப்பள்ளியில் படித்து, நாடக மேடைகளுக்கு அலங்காரம் செய்துகொண்டிருந்தார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் கைதியாகி, தப்பித்து, தெற்கே தியூலஃபி என்ற குயவர் ஊரில் ஒளிந்திருந்தபோதுதான் மண்ணில் முழுசாக இறங்கினார். பிறகு பாரிஸில் பட்டறை, 1954இல் தென் பிரான்ஸின் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் ஊருக்குக் குடிபெயர்வு, 1964இல் மரணம். ஏறக்குறைய இருபதே வருட வேலை. இன்று அவருடைய ஜாடிகளுக்கு ஏலத்தில் போட்டி போடுகிறார்கள் என்றால் வடிவம் ஒரு காரணம், அந்தத் தோல் இன்னொரு காரணம். எனக்குத் தோல்தான் பெரிது.

சரி, மண்மேல் கண்ணாடி எப்படி ஏறுகிறது? கண்ணாடிக்கு மூலம் மணல், அதாவது சிலிக்கா. தனியாக உருக வேண்டுமானால் 1,700 டிகிரி செல்சியஸ் வேண்டும். இந்த மாதிரி மண்பாண்டச் சூளை எட்டுவதோ 1,000 டிகிரியை ஒட்டி. அதனால் மணலைச் சீக்கிரம் உருக வைக்க ஈய ஆக்சைடு போன்ற ஒன்றைச் சேர்ப்பார்கள், அந்தக் கால பிரெஞ்சுக் குயவர்களுக்கு ஈயம் சர்வசாதாரணம். உருகியது அப்படியே வழிந்து கீழே ஓடிவிடக் கூடாது என்பதற்காகக் கொஞ்சம் களிமண். இவற்றை நைசாக அரைத்துத் தண்ணீரில் கரைத்து, ஒருமுறை சுட்ட பாண்டத்தின்மேல் ஊற்றினால் மண் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், மேலே சுண்ணாம்பு அடித்த மாதிரி பொடி படியும். மறுபடி சுடும்போது அதுதான் உருகிக் கண்ணாடியாகிறது. இதைத்தான் கிளேஸ் என்கிறோம்.

நிறம் தருவது உலோக ஆக்சைடுகள். கோபால்ட் நீலம் காட்டும், இரும்பு பழுப்பு, மாங்கனீஸ் கருஊதா. ஒவ்வொன்றும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கி மிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால் வரும் நிறங்கள் இவை. எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டால் மிச்சம் எதுவும் திரும்பாது, அதுதான் கறுப்பு. அந்த உலோக மினுக்கம் வருவது அதற்கு அடுத்த கட்டத்தில். சர்க்கரைப் பாகை நினைத்துக்கொள்ளுங்கள்: கொதிக்கும்போது ஏகப்பட்ட சர்க்கரையைத் தாங்கும், ஆறும்போது தாங்க முடியாமல் கற்கண்டாகக் கக்கும். மாங்கனீஸ், செம்பு மாதிரியானவற்றை அளவுக்கு மீறிப் போட்ட கிளேஸும் சூளை ஆறும்போது அப்படித்தான் கக்கும், மேற்பரப்பில் மெல்லிய படிகப் படலமாக. மெதுவாக ஆறினால் படிகம் வளர நேரம் கிடைக்கும், சட்டென்று ஆறினால் வெறும் பளபளப்புதான். ஒரே கிளேஸ், ஒரே மண், ஆறும் வேகம் மட்டும் மாறினால் வேறு ஜாடி.

ஜூவ் காலத்திலேயே ஜாக், தானி ருயெலாண் தம்பதி செய்த குட்டிக் குட்டி பாட்டில்களில் வெல்வெட் போல ஒரு மங்கல் நிறம் இருக்கும். மங்கலான கிளேஸ்களில் பெரும்பாலும் நடப்பதும் படிக வேலைதான்: கண்ணுக்குத் தெரியாத நுண்படிகங்கள் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கின்றன.

அப்புறம் மயிர்க்கீறல். பழைய பிரெஞ்சு ஜாடிகளில் சிலந்தி வலை மாதிரி நுண்கோடுகள் ஓடியிருந்தால் வாங்குபவர்கள் உடனே விலையைக் குறைக்கிறார்கள். எல்லா நேரமும் இது நியாயமில்லை. ஆறும்போது கிளேஸ், மண்ணைவிட அதிகமாகச் சுருங்கினால் இழுவிசையில் மாட்டிக்கொள்ளும். கண்ணாடி அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. சூளையிலிருந்து வெளியே எடுத்த பிறகும் மணிக்கணக்கில் டிங், டிங் என்று சத்தம் கேட்கும், ஒவ்வொன்றும் ஒரு கீறல். இன்னொரு வழியிலும் வரும்: குறைந்த சூட்டில் சுட்ட மண் காற்றின் ஈரத்தை வருடக்கணக்கில் உறிஞ்சி மிக மிகக் கொஞ்சமாக உப்புகிறது. யாரும் தொடாமல் அலமாரியில் இருந்த ஜாடியிலும் முப்பது வருடம் கழித்து வலை விழலாம். பயப்பட வேண்டியது வலைக்கு அல்ல, உள்ளேயும் வெளியேயும் ஒரே இடத்தில் தெரிகிற ஒற்றைக் கோட்டுக்கு. அது விரிசல், விரலால் சுண்டினால் டொக்கென்று செத்த சத்தம் வரும். கீறல் விழுந்த ஜாடியில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மண் ஊறிவிடும். ஈய கிளேஸ் என்றால் அதில் உணவும் வேண்டாம், புளிப்பு பட்டால் ஈயம் கரைந்து வரும்.

கையில் எடுத்தால் கடைசியாக அடிப்பக்கத்தைத் திருப்புங்கள். ஜூவ் தன் பெயரையும் கிரேக்க ஆல்ஃபா போன்ற ஒரு குறியையும் கீறி வைப்பது வழக்கம். ஈர மண்ணில் கீறினால் கோட்டின் இரு ஓரமும் வரப்பு போல லேசாக எழும்பும், சூளையில் அதுவும் சேர்ந்து வெந்துவிடும், கிளேஸ் பட்டிருந்தால் பள்ளத்துக்குள் தடித்துத் தேங்கியிருக்கும். பின்னால் எவரோ ஊசியால் கீறிய கையெழுத்தில் வரப்பு இருக்காது. ஓரம் சில்லு சில்லாகப் பெயர்ந்திருக்கும், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் உள்ளே புது மண் வெளிறித் தெரியும்.