கோஸ் ஜாடியை நம்பலாம், காளான் ஜாடியை நம்பாதீர்கள்

ரஷ்யாவில் அக்டோபர் 14 அன்று வரும் போக்ரோவ் திருநாளை ஒட்டி வீடுகளில் முட்டைக்கோஸ் புளிக்கவைப்பார்கள். கோடையில் பொறுக்கிய காட்டுக் காளானும் அதே நிலவறையில் ஜாடிகளில் இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல.

கோஸுக்குப் பக்குவம் எளிது. ஒரு கிலோவுக்கு 20 முதல் 25 கிராம் கல்லுப்பு, ஒரு கேரட். சீவிய கோஸை உப்போடு பிசைந்து, சாறு விட்டதும் பாத்திரத்தில் அழுத்தி அடைத்து, மேலே ஒரு தட்டும் அதன்மேல் பாரமும் வைக்க வேண்டும். அந்தப் பாரத்துக்கு 'குனியோத்' என்று பெயர். கோஸ் சாற்றில் முழுக்க மூழ்கியிருக்க வேண்டும். வெளியே துருத்திய இடத்தில் பூசணம் பிடிக்கும். 18 முதல் 22 டிகிரியில் மூன்று நான்கு நாள் போதும். தினமும் மரக்குச்சியால் அடிவரை குத்தி வாயுவை வெளியேற்றாவிட்டால் கசந்துவிடும். வெக்கையான அறையில் வைத்தால் குழைந்து வழவழப்பாகும். புளித்ததும் குளிர்ந்த நிலவறைக்குப் போய்விடும்.

இங்கே நம்மைக் காப்பது லாக்டிக் அமிலம். அமிலநிலையைக் காட்டும் pH எண் (குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6-க்குக் கீழே போனால், போட்டுலிசம் என்ற நரம்பைத் தாக்கும் உணவு நஞ்சு நோயை உண்டாக்கும் பாக்டீரியா வளராது. நன்றாகப் புளித்த கோஸில் அது ஏறக்குறைய 3.5.

காளானில் இந்தக் காவல் கிடையாது. அது மண்ணில் முளைப்பது. எவ்வளவு கழுவினாலும் மடிப்புகளில் மண் தங்கும், அதில் அந்தப் பாக்டீரியாவின் வித்துகளும் இருக்கும். 100 டிகிரியில் மணிக்கணக்கில் கொதித்தாலும் அவை சாகாமல் தப்பலாம். 121 டிகிரி வேண்டும், அதற்குப் பிரஷர் வேண்டும். வீட்டுப் பானையில் அது நடக்காது. அப்படி வேகவைத்த காளானை ஜாடியில் போட்டு இரும்பு மூடியால் இறுக்கி அடைக்கும்போது காற்று வெளியேறிவிடுகிறது. காற்றில்லாத இடம்தான் அந்த வித்துகளுக்கு வேண்டியது. வினிகர் குறைந்த ஜாடியை அறை வெப்பத்திலும் வைத்துவிட்டால் நஞ்சு ஊற எல்லாம் தயார்.

வித்துகள் தப்பினாலும் அந்தப் பாக்டீரியா விடும் நஞ்சு கொதியில் அழியும். பத்து நிமிடம் கொதித்தால் போதும். ஆனால் ஊறவைத்த காளானை ரஷ்யர்கள் ஜாடியிலிருந்து எடுத்து, வெங்காயமும் எண்ணெயும் சேர்த்து அப்படியே குளிராகத்தான் பரிமாறுவார்கள். இதுதான் ஆபத்தின் கண்ணி. மூடி உப்பவில்லை, வாடை இல்லை என்பதெல்லாம் உத்தரவாதம் ஆகாது.

உப்புக்காளான் போடுகிறவர்கள் இரும்பு மூடியை விட்டு, துணியோ தளர்வான பிளாஸ்டிக் மூடியோ போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். சாலை ஓரத்தில் பாட்டிகள் விற்கும் அடைத்த காளான் ஜாடியை வாங்கவே வேண்டாம். கொதியில் நஞ்சு அழியும் என்றாலும் சந்தேகமான ஜாடியைக் கொதிக்கவைத்துக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், கொட்டிவிடுங்கள்.

இன்னொன்று: ரஷ்யச் சமையலறையில் 70 சதவீத வினிகர் எசன்ஸ் இருக்கும். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும், குடித்தால் உணவுக்குழாய் வெந்துவிடும். ஒரு பங்குக்கு ஏழு பங்கு தண்ணீர் கலந்தால்தான் ஏறக்குறைய 9 சதவீத வினிகர். பூட்டி வையுங்கள்.

மருத்துவம் படிக்க அங்கே போயிருக்கும் நம் பிள்ளைகள் கவனிக்க: நஞ்சேறிய காளானைச் சாப்பிட்டு பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்தில், சில சமயம் சில நாள் கழித்து, பார்வை இரண்டிரண்டாகத் தெரியும், இமை தொங்கும், வாய் வறளும், விழுங்க முடியாது. காய்ச்சல் பொதுவாக இருக்காது, அதனால் சோர்வு என்று படுத்துவிடுவார்கள். நரம்பைப் பற்றிக்கொண்ட நஞ்சை மாற்றுமருந்தாலும் பிரிக்க முடியாது. விடியட்டும் என்று காத்திருக்காமல் அங்குள்ள ஆம்புலன்ஸ் எண் 103-ஐ அழையுங்கள். மிச்சமிருக்கும் ஜாடியைக் கழுவாமல் கையோடு எடுத்துப் போங்கள். அதே மேசையில் சாப்பிட்ட மற்றவர்களையும் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.