மருந்து ஊற்றுவதற்கு முன் தண்ணீரைச் சோதியுங்கள்

அலங்கார மீன்களுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவர் நான். புதிதாக மீன் வளர்க்கத் தொடங்கியவர்கள் வரும்போது பெரும்பாலும் கையில் ஒரு மருந்து பாட்டிலும் இருக்கும். "இதில் எத்தனை சொட்டு விடணும் டாக்டர்?" என்பதுதான் முதல் கேள்வி. தொட்டி வைத்து எவ்வளவு நாளாச்சு என்று நான் திருப்பிக் கேட்பேன். இரண்டு வாரம், மூன்று வாரம் என்று பதில் வந்தால், மீனைப் பார்ப்பதற்கு முன்பே தொட்டித் தண்ணீரைச் சோதித்துவிடுவேன். அந்தத் தண்ணீர் பார்க்கப் படுசுத்தமாக இருக்கும். பலரும் ஏமாறுவது அங்கேதான்.

தின்ற புரதத்தின் கழிவை மீன் அமோனியாவாக வெளியேற்றுகிறது, அதுவும் பெரும்பாலும் செவுள் வழியாக. மிச்சம் விழுந்த தீனி அழுகினாலும் அமோனியாதான். அதற்கு நிறம் கிடையாது. மீனைக் கொல்லும் அளவில் இருந்தாலும் நம் மூக்குக்குத் தெரியாது. பழகிய தொட்டியில் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரைட்டும் விஷம். நைட்ரேட் அந்த அளவுக்கு மோசமில்லை, தண்ணீர் மாற்றும்போது போய்விடும். இந்த பாக்டீரியாக்கள் குடியிருப்பது ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் அடியில் போட்ட கற்களின் மேலும். புதுத் தொட்டியில் அவை போதுமான அளவுக்குப் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். தொட்டி வாங்கிய அன்றே பத்து மீனையும் விட்டுவிட்டால், அந்த வாரங்கள் முழுக்க அவை தங்கள் கழிவிலேயே மூச்சு விட வேண்டியதுதான்.

அமோனியா ஏறினால் செவுள் வெந்துபோன மாதிரி சிவக்கும், மீன் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். நைட்ரைட் வேறு மாதிரி. அது ரத்தத்துக்குள் போய் ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாமல் செய்துவிடுகிறது. செத்த மீனின் செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்தால் சிவப்புக்குப் பதில் பழுப்பாக இருக்கும். ஏர் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், தண்ணீரில் ஆக்சிஜனும் இருக்கும், ஆனாலும் மீன் மூச்சுத் திணறும். இதற்குக் கடையில் விற்கும் நீல மருந்தையும் மஞ்சள் மருந்தையும் ஊற்றிப் பயனில்லை. சில மருந்துகள் அந்த நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

இந்த நிலையில் இருக்கும் தொட்டிக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: தீனியை இரண்டு நாள் நிறுத்துங்கள், தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். நைட்ரைட் அதிகமென்றால் வேறெதுவும் கலக்காத உப்பை லிட்டருக்கு 1 கிராம் கரைத்து விடலாம். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுளுக்குள் நுழைவதைத் தடுக்கும்.

மாற்றும் தண்ணீரில் குளோரின் இருக்கக்கூடாது. ஒருநாள் வாளியில் பிடித்துவைத்தால் குளோரின் போய்விடும் என்பது சரிதான். ஆனால் சில ஊர்களில் குடிநீரில் குளோரமைன் சேர்க்கிறார்கள், அது ஒருநாள் வைத்தாலும் போகாது. அதனால் குளோரின் நீக்கும் திரவத்தையே பயன்படுத்துங்கள். தண்ணீரின் சூடும் தொட்டியோடு ஒத்திருக்கட்டும். கப்பி, பிளாட்டி, டெட்ரா போன்ற வெப்பமண்டல மீன்களுக்கு 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் போதும். சட்டென்று இரண்டு மூன்று டிகிரி இறங்கினால் அவற்றின் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிடும்.

அப்புறம் ஃபில்டர். சுத்தமாக வைத்திருக்கிறேன் என்று வாராவாரம் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கசக்கிப் பிழிபவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். நாலு வாரம் காத்திருந்து வளர்ந்த பாக்டீரியா குளோரின் தண்ணீரில் சில நிமிடத்தில் செத்துப்போகும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை ஒரு பாத்திரத்தில் ஊற்றி, அதில் ஸ்பாஞ்சை இரண்டு முறை அமுக்கி எடுத்தால் போதும். இன்னும் பழுப்பாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவையும் பாருங்கள். 7-லிருந்து 8-க்கு ஏறினால், அதே அளவு அமோனியாவில் விஷமாக இருக்கும் பகுதி ஏறக்குறைய பத்து மடங்காகிவிடும். நெடுந்தூரம் பையில் வந்த மீனுக்கு இது மிக முக்கியம். மூடிய பையில் கரியமில வாயு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும், அதனால் உள்ளே உள்ள அமோனியா அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், பி.எச். ஏறும், அமோனியா விஷமாகும். ஆகவே மூடிய பையைச் சுமார் 15 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, திறந்தபின் தாமதிக்காமல் மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போக வேண்டாம்.

உண்மையிலேயே மருந்து தேவைப்படும் நோய்களும் உண்டு. உடம்பெங்கும் உப்புத்தூள் தூவியது போல வரும் வெள்ளைப்புள்ளி நோய் அதில் ஒன்று. இது ஒட்டுண்ணி. மீனின் தோலுக்குள் இருக்கும்போது மருந்து அதைத் தொடாது. உதிர்ந்து, அடியில் பெருகி, குஞ்சுகளாக நீந்தி வரும்போதுதான் சாகும். புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்துபவர்களின் தொட்டியில் அடுத்த வாரமே மறுபடி வருவது அதனால்தான். புள்ளி மறைந்த பிறகும் பாட்டிலில் சொன்ன காலம் முழுக்கத் தொடருங்கள். மருந்து போடும் நாட்களில் ஃபில்டரிலிருந்து கார்பனை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது மருந்தை உறிஞ்சிவிடும். கெளுத்தி வகையும் நியான் டெட்ராவும் சில மருந்துகளைத் தாங்காது, அளவைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போடுங்கள்.

புது மீனை முதலில் தனிப் பாத்திரத்தில் இரண்டு வாரமாவது வைத்துப் பாருங்கள். இதை யாரும் கேட்பதில்லை. பழைய தொட்டியில் நன்றாக இருந்த மீன்கள் மொத்தமாகச் சுருண்டதாக வருபவர்களில் பலர், சில நாட்களுக்கு முன் புதிதாக ஒன்றைச் சேர்த்திருப்பார்கள்.

கையில் வெட்டுக்காயம் இருக்கும்போது தொட்டிக்குள் கை விடாதீர்கள். மீன்களைத் தாக்கும் காசநோய் வகைக் கிருமி ஒன்று காயம் வழியாக நம் தோலுக்கும் வரும். விரலில் ஆறாத சிவந்த கட்டி தெரிந்தால், மருத்துவரிடம் போகும்போது வீட்டில் மீன் தொட்டி இருப்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.