குத்தவைத்து உட்காரும் குழந்தை

ஓடி விளையாடும் நாலு வயதுக் குழந்தை திடீரென்று நின்று, குத்தவைத்து உட்கார்கிறது. உதடு கருநீலமாக இருக்கிறது. மூச்சு கொஞ்சம் அடங்கியதும் எழுந்து மறுபடி ஓடுகிறது. இப்படி உட்காரச் சொல்லி யாரும் கற்றுத் தந்ததில்லை. இதயநோய் வார்டில் கைக்குழந்தை நீலம் பாயும்போது செவிலியர் முதலில் செய்வதும் கிட்டத்தட்ட இதையேதான்: இரண்டு முழங்காலையும் மடக்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்கிறார்.

இந்தக் குழந்தைகளுக்கு இருப்பது பெரும்பாலும் 'டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ' என்ற பிறவிக் குறைபாடு. பிரெஞ்சு மருத்துவர் ஃபாலோ 1888-இல் விவரித்தது. நான்கு கோளாறுகள் சேர்ந்தது என்றாலும், நமக்கு இங்கே முக்கியமானவை இரண்டு. நுரையீரலுக்குப் போகும் பாதை குறுகியிருக்கிறது; இதயத்தின் இரண்டு கீழறைகளுக்கும் நடுச்சுவரில் ஓட்டை இருக்கிறது. வலது கீழறைக்கு வரும் அசுத்த ரத்தத்துக்கு ஆக இரண்டு வழி. ஒன்று, நெருக்கிப்பிடித்து நுரையீரலுக்குப் போகலாம். இல்லாவிட்டால் ஓட்டை வழியே நேராகப் பெருந்தமனியில் ஏறி உடம்புக்குப் போய்விடலாம். எது சுலபமோ அங்கேதானே போகும்!

குழந்தை வீறிட்டு அழும்போது அந்தக் குறுகிய பாதையின் தசை இன்னும் இறுகுகிறது. நுரையீரலுக்குப் போகும் ரத்தம் குறைய, ஆக்சிஜன் குறைகிறது. குழந்தை இன்னும் வேகமாக மூச்சு வாங்குகிறது. அது நிலைமையை மேலும் கெடுக்கிறது.

சரி, காலை மடக்கினால் என்ன ஆகிறது? தொடையின் ரத்தக்குழாய்கள் அமுங்குகின்றன. உடம்புப் பக்கம் ரத்தம் போவது கடினமாகிறது. ஒரு மடையை அடைத்தால் தண்ணீர் அடுத்த வாய்க்காலில் ஏறுவதுபோல, ரத்தம் நுரையீரல் பக்கம் திரும்புகிறது. கால்களிலிருந்து திரும்பும் ஆக்சிஜன் வற்றிய ரத்தமும் அந்த நேரத்துக்குக் குறைகிறது.

ஆக்சிஜனும் கொடுப்பார்கள். ஆனால் ரத்தமே நுரையீரலுக்குப் போகாதபோது அது மட்டும் என்ன செய்யும்? முகமூடியை அழுத்திப் பிடித்தால் அழுகை கூடும், அவ்வளவுதான். அதனால் அனுபவமுள்ள செவிலியர் குழந்தையை அம்மா மடியிலேயே வைத்து, குழாயை முகத்தருகே காட்டுவார். ஊசி, ரத்தப் பரிசோதனை எல்லாம் அப்புறம். அடங்காவிட்டால் மருத்துவர் மார்ஃபின், புரோப்ரனலால் போன்ற மருந்துகளுக்குப் போவார்.

ஒரு விசித்திரம்: வழக்கமாக ஸ்டெதாஸ்கோப்பில் பலமாகக் கேட்கும் இரைச்சல் இந்த நேரத்தில் மெலிந்துவிடும். நல்ல அறிகுறி என்று புதியவர் நினைக்கலாம். குறுகிய பாதையில் ரத்தம் பாயும் சத்தம்தான் அது; சத்தம் குறைந்தால் பாயும் ரத்தம் குறைந்தது என்று அர்த்தம். நீலத்தைக் கண்டுபிடிப்பதும் சுலபமில்லை. நம்மூர் மாநிறத் தோலில் கன்னத்தைப் பார்த்துப் பயனில்லை. நாக்கையும் உதட்டின் உள்பக்கத்தையும் பார்க்க வேண்டும். ரத்தசோகை உள்ள குழந்தையிடம் அங்கேகூட நீலம் தெளிவாகத் தெரியாது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர்தான் அப்போது துணை.

டிரிப்ஸ் போடும்போது இன்னொரு கவனம் வேண்டும். சாதாரணமாகக் குழாயில் தப்பிவரும் சின்னக் காற்றுக்குமிழியை நுரையீரல் வடிகட்டிவிடும். இங்கே ஓட்டை வழியாக அது நேரே மூளைக்குப் போகலாம். அதனால்தான் செவிலியர் குழாயை வெளிச்சத்தில் பிடித்து, விரலால் சுண்டிச் சுண்டி, கடைசிக் குமிழியும் வெளியேறும்வரை காத்திருக்கிறார்.